விசா கிடைத்தவர்களின் உலகம்

உலக அறிஞர்களை ஒரு மண்டபத்தில் உட்கார வைத்து, நல்ல காபி கொடுத்து, சர்வதேச உறவுகளைப் பற்றிப் பேசவிட்டால் சண்டை வராது என்றொரு நம்பிக்கை நூறு வருடமாகச் சாகாமல் இருக்கிறது. யாரும் சோதித்துப் பார்க்காத நம்பிக்கை என்று குறை சொல்ல முடியாது. முதல் உலகப் போர் ஓய்ந்ததும், அன்றைய சர்வதேச சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) அறிவுத்துறை ஒத்துழைப்புக்கென்றே பாரிஸில் ஒரு நிறுவனம் வைத்தது. அதன் நிழலில் பல நாட்டுப் பேராசிரியர்கள் ‘சர்வதேச ஆய்வு மாநாடு’ என்ற பெயரில் கூடத் தொடங்கினார்கள். அவர்கள் கூடிய ஊரையும் தேதியையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் சிரிப்பு வரும். சிரித்து முடித்தபின் வயிறு எரியும்.

1935 ஜூன், லண்டன். தலைப்பு, ‘கூட்டுப் பாதுகாப்பு’. ஒரு நாட்டின் மேல் ஒருவன் பாய்ந்தால் மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து எப்படித் தடுப்பது என்று அலசினார்கள். அக்டோபரில் முசோலினியின் படை எத்தியோப்பியாவுக்குள் புகுந்தது. எத்தியோப்பியா சங்கத்தில் உறுப்பினர், சந்தா கட்டிய நாடு. கூட்டும் வரவில்லை, பாதுகாப்பும் வரவில்லை.

1937, பாரிஸ். தலைப்பு, ‘அமைதி வழியில் மாற்றம்’. ஜூலை 3ஆம் தேதி கைகுலுக்கிப் பிரிந்தார்கள். ஜூலை 7ஆம் தேதி பெய்ஜிங் பக்கத்தில் மார்கோ போலோ பாலத்தருகே சுடத் தொடங்கிய ஜப்பானியப் படை, அதற்கப்புறம் எட்டு வருடம் சீனாவைவிட்டு நகரவில்லை. மாநாட்டு நடவடிக்கைகள் அடுத்த வருடம் தடிமனான புத்தகமாக வந்தன. அதன் துணைத்தலைப்பில் வழிமுறை, மக்கள்தொகை, மூலப்பொருள், காலனிகள் என்று நான்கு சொற்கள். இதைத் தமிழ்நாட்டுப் பஞ்சாயத்து மொழியில் சொன்னால், ஜெர்மனியும் இத்தாலியும் ஜப்பானும் தங்களுக்கு நிலம் போதவில்லை என்று மூக்கைச் சிந்துகின்றன. அடிதடி இல்லாமல் யார் வீட்டுக் கொல்லையை எடுத்துக் கொடுத்துச் சமாதானப்படுத்தலாம்? கொல்லைக்குச் சொந்தக்காரன் என்ன நினைக்கிறான் என்பது ஆய்வுக்குரிய கேள்வியாகப் படவில்லை. காலனி பேசுபொருள், பேசுகிற ஆள் அல்ல.

1938, பிராக். இந்தமுறை பல்கலைக்கழகங்களில் சர்வதேச உறவுகள் பாடத்தை எப்படி நடத்துவது என்று விவாதம். செக்கோஸ்லோவாகியாவின் எல்லையில் ஹிட்லர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்த வருடத்தில், அதே நாட்டின் தலைநகரில் உட்கார்ந்து பாடத்திட்டம் பேசினார்கள். செப்டம்பரில் மியூனிக்கில் அந்த நாட்டை அறுத்துக் கொடுத்தார்கள். அடுத்த மார்ச்சில் பிராக் நகரத்துக்குள்ளேயே ஜெர்மானிய ராணுவம் வந்துவிட்டது.

1939 ஆகஸ்ட் கடைசி வாரம், நார்வேயின் பெர்கன். பொருளாதாரக் கொள்கையும் உலக அமைதியும் பற்றிப் பேசினார்கள். அவர்கள் வீடு திரும்பிப் பெட்டியைப் பிரிப்பதற்குள் செப்டம்பர் 1 வந்தது, போலந்து போயிற்று. அடுத்த ஏப்ரலில் பெர்கனும் போயிற்று. அடுத்து எங்கே படையை அனுப்பலாம் என்று பெர்லினில் இந்த மாநாட்டு அழைப்பிதழை வைத்துத்தான் முடிவு செய்தார்களோ என்னவோ.

பேராசிரியர்களால் போரை நிறுத்த முடியவில்லை என்பதில் எனக்குக் கோபமில்லை. அது அவர்கள் கையில் இருந்ததும் இல்லை. கோபம் வேறு. யார் உள்ளே வரலாம், யார் வரக் கூடாது என்று வாசலில் ஒருவன் பட்டியலோடு நிற்கிறான். உலகத்தையே ஆராய வந்தவர்கள் அந்தப் பட்டியலை மட்டும் ஆராய மாட்டார்கள். தங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவார்கள். இந்தக் குணம் பிறவியிலேயே வந்தது. சர்வதேச உறவுகள் என்ற இந்தத் துறைக்கென உலகிலேயே முதல் பேராசிரியர் இருக்கை 1919இல் வேல்ஸில் உள்ள அபெரிஸ்ட்வித் கல்லூரியில் அமைந்தது. நிலக்கரிக் குடும்பத்து வாரிசான டேவிட் டேவிஸும் அவருடைய சகோதரிகளும் 20,000 பவுண்டு கொடுத்தார்கள். இருக்கைக்கு அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சனின் பெயர். பணம் கொடுத்தவன் ஒருவன், பெயர் கொடுத்தவன் இன்னொருவன் என்று பிறக்கும்போதே ஜாதகம் எழுதியாகிவிட்டது. 1977இல் ஸ்டான்லி ஹாஃப்மன் என்ற ஹார்வர்டு பேராசிரியர், இது அமெரிக்கர்களின் சமூக அறிவியல் என்று வெளிப்படையாகவே கட்டுரை எழுதினார். அதையும் பாடத்திட்டத்தில் சேர்த்துக்கொண்டு, பரீட்சையில் பத்து மதிப்பெண் கேள்வியாக்கிவிட்டார்கள்.

ஒரேயொரு முறை இந்தியா வேறு மாதிரி செய்து பார்த்தது. 1947 மார்ச், ஏப்ரல். சுதந்திரம் இன்னும் கைக்கு வரவில்லை. உலக விவகாரங்களுக்கான இந்தியக் கவுன்சில் என்ற அரசு சாராத அமைப்பு, டெல்லி புராணா கிலாவில் பெரிய பந்தல் போட்டு ஆசிய உறவுகள் மாநாட்டைக் கூட்டியது. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்தார்கள். திபெத்திலிருந்து வந்தார்கள், சீனர்கள் முகம் சுளித்து ஆட்சேபித்தார்கள். பாலஸ்தீனத்து யூதர்கள் வந்தார்கள், அரபு நாட்டவர்களும் வந்தார்கள், அங்கேயே முட்டிக்கொண்டார்கள். முஸ்லிம் லீக் வர மறுத்தது. அந்த மாநாடு சாதித்தது அதிகமில்லை. சில மாதங்களில் அதே கோட்டை பிரிவினை அகதிகளின் முகாமாகிவிட்டது. ஆனாலும் சொந்தக் கொடிகூட இல்லாத ஒரு தேசத்துக்கு, ஒருவரையொருவர் பிடிக்காதவர்களை ஒரே பந்தலில் உட்கார வைக்கத் தெம்பு இருந்தது.

இன்றைக்கு அதே தேசத்திடம் அணுகுண்டு இருக்கிறது, நிலாவில் இறங்கிய விண்கலம் இருக்கிறது. லாகூரிலிருந்து ஒரு வரலாற்று ஆசிரியர் மடிக்கணினியோடு வந்தால் மட்டும் உதறல் எடுத்துவிடுகிறது. 2018 ஜூலையில் அமெரிக்காவிலுள்ள ஆசிய ஆய்வுச் சங்கமும் அசோகா பல்கலைக்கழகமும் சேர்ந்து டெல்லியில் மாநாடு நடத்தின. தலைப்பு, ‘இயங்கும் ஆசியா’. பாகிஸ்தான் ஆய்வாளர்களுக்கு அனுமதியில்லை என்றது அரசு. ஆசியா இயங்கியது, வாகா வரை இயங்கி, அங்கே நின்றுகொண்டது.

2021 ஜனவரியில் கல்வி அமைச்சகம் ஒரு குறிப்பாணை போட்டது. அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனங்கள் இணையவழியில் சர்வதேசக் கருத்தரங்கு நடத்தினாலும் முன்னனுமதி வாங்க வேண்டும். யார் யார் கலந்துகொள்கிறார்கள் என்று பட்டியல் தர வேண்டும். நாட்டின் பாதுகாப்பு, எல்லை, வடகிழக்கு மாநிலங்கள், ஜம்மு காஷ்மீர், லடாக், இன்னும் இந்தியாவின் உள்விவகாரம் என்று தெளிவாகத் தெரிகிற எதையும் தலைப்பாக வைக்கக் கூடாது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எல்லையைத் தொடாமல் சர்வதேச உறவுகளைப் பேச வேண்டும். பனிப்பாறை உருகுவதைப் பேசினால் லடாக் வரும். நதிநீரைப் பேசினால் காஷ்மீர் வரும். மியான்மரைப் பேசினால் மணிப்பூர் வரும். கடைசியில் மிச்சம் இருப்பது நியூசிலாந்தோடு நம் உறவும், அதிலும் குறிப்பாகக் கிரிக்கெட்டும்தான். அறிவியல் அகாடமிகள் எதிர்த்துக் கடிதம் எழுதின. அடுத்த மாதமே குறிப்பாணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். எதிர்த்து எழுதியதில் முன்னால் நின்றவர்கள் விஞ்ஞானிகள் என்பதைச் சர்வதேச உறவுத் துறைக்காரர்கள் கவனிக்க வேண்டும்.

காகிதத்தைத் திரும்பப் பெற்றார்கள், குணத்தை அல்ல. 2022 மார்ச்சில் ஃபிலிப்போ ஒசெல்லா திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இறங்கினார். முப்பது வருடமாகக் கேரளத்தை ஆராய்ந்த மானுடவியலாளர். கடலோர மீனவச் சமூகங்களைப் பற்றிய கருத்தரங்குக்கு வந்தவர். வந்த வழியே திருப்பி அனுப்பினார்கள். 2024 பிப்ரவரியில் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகத்தின் நிதாஷா கௌல் பெங்களூரு வந்தார். அவரை அழைத்தது கர்நாடக அரசு. மாநாடு அரசியலமைப்பையும் தேச ஒற்றுமையையும் பற்றியது. மாநில அரசு பத்திரிகை வைத்து அழைத்த விருந்தாளியை ஒன்றிய அரசு வாசலிலேயே வழிமறித்து லண்டனுக்கு அனுப்பியது. தேச ஒற்றுமை எப்படியிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல ஆய்வுக் கட்டுரையை யார் வாசித்திருக்க முடியும்? மறுவருடம் அவருடைய வெளிநாட்டுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டையையும் பிடுங்கிக்கொண்டார்கள். 2025 அக்டோபரில் ஃபிரான்செஸ்கா ஒர்சினி. இந்தி இலக்கியத்துக்காக ஆயுளைக் கொடுத்த அறிஞர். டெல்லியிலிருந்து அவரையும் திருப்பி அனுப்பினார்கள். பழைய விசா விதிமீறல் என்று அரசுத் தரப்பில் காரணம் கசிந்தது. எட்டுத் திக்கும் இந்தி பரவ வேண்டும் என்று மேடைக்கு மேடை முழங்குகிறவர்களுக்கு, இந்தி படித்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியைச் சமாளிக்க முடியவில்லை.

நம் அரசை மட்டும் திட்டினால் தேசத்துரோகி ஆகிவிடுவோம், அமெரிக்காவையும் கொஞ்சம் திட்டிச் சமன் செய்துகொள்கிறேன். 2017 ஜனவரி 27இல் டிரம்ப் ஏழு முஸ்லிம் நாடுகளின் குடிமக்களுக்குக் கதவை அடைத்தார். அடுத்த மாதம் பால்டிமோரில் சர்வதேச ஆய்வுச் சங்கத்தின் ஆண்டு மாநாடு. 1959இல் தொடங்கிய, இந்தத் துறையின் ஆகப் பெரிய சங்கம். அந்த வருடத் தலைப்பு, உலக அரசியலில் மாற்றத்தைப் புரிந்துகொள்வது. மாற்றம் நேரிலேயே வந்து வாசலில் நின்றது. நீதிமன்றம் அந்த ஆணைக்கு இடைக்காலத் தடை போட்டது. ஆனாலும் எந்த விமான நிலையத்தில் எந்த அதிகாரி என்ன செய்வானோ என்ற பயத்தில் பலர் கிளம்பவில்லை. புறக்கணிப்போம் என்று கையெழுத்து வேட்டை நடந்தது. மாநாடும் நடந்தது.

அதற்கடுத்த மாதம் லாஸ் ஏஞ்சலஸில், தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக வளாகத்தில், ஆப்பிரிக்காவின் பொருளாதார வளர்ச்சிக்கு ஓர் உச்சிமாநாடு. ஆப்பிரிக்காவிலிருந்து வரவிருந்த அறுபது பேர் அளவுக்கு விசா மறுத்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து ஓர் ஆள்கூட வராமல் ஆப்பிரிக்க மாநாடு இனிதே நிறைவுற்றது. 1937இல் பாரிஸில் இருந்தவர்கள் பார்த்திருந்தால் பொறாமைப்பட்டிருப்பார்கள். 2025 ஜூனில் பன்னிரண்டு நாடுகளுக்கு முழுத் தடை, ஏழு நாடுகளுக்குப் பகுதித் தடை என்று பட்டியல் நீண்டது.

இந்தத் துறையின் தலைசிறந்த அறிஞர் யாரென்று தெரிய வேண்டுமானால் ஹார்வர்டுக்குப் போக வேண்டாம். சென்னை ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் விடிகாலையில் போய் நின்றால் போதும். அமெரிக்கத் துணைத் தூதரக வாசலில் பிளாஸ்டிக் உறைகளோடு வரிசை நிற்கும். ஒரு அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியரின் உறையில் மாநாட்டு அழைப்புக் கடிதம், கல்லூரியின் தடையின்மைச் சான்று, ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரிக் கணக்கு, மாமனார் பெயரிலுள்ள வீட்டுப் பத்திரத்தின் நகல், கல்யாண ஆல்பத்திலிருந்து ஒரு போட்டோ எல்லாம் இருக்கும். ஆய்வுக் கட்டுரையும் இருக்கும், அடியில், யாரும் கேட்காத இடத்தில். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் இளைஞர் மூன்று கேள்வி கேட்பார். என்ன ஆராய்ச்சி? எல்லை தாண்டிய இடப்பெயர்வு. யார் செலவு? அவர்கள் பாதி, நான் பாதி. சம்பளம் எவ்வளவு? அதோடு சரி. அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 214(பி) பிரிவுப்படி, நிரூபிக்கும்வரை ஒவ்வொரு விண்ணப்பதாரரும் அங்கேயே தங்கிவிட வருகிறவர்தான். ஒரு காகிதத்தை நீட்டிவிடுவார். 185 டாலர், நம் கணக்கில் பதினைந்தாயிரத்துக்கு மேல், திரும்பி வராது.

பேராசிரியர் எழுதிய முப்பது பக்கத்தை இரண்டு நடுவர்கள் ஆறு மாதம் படித்துவிட்டுத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். அந்த இளைஞர் ஒரு வரிகூடப் படிக்காமல் இரண்டு நிமிடத்தில் தள்ளுபடி செய்வார். அவருடைய தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. எந்த நாட்டின் குரல் உலக அறிவில் சேர வேண்டும், எது சேரக் கூடாது என்று தினமும் முடிவு செய்கிறவர் அவர்தான். அவருக்கு அல்லவா வாழ்நாள் சாதனையாளர் விருது கொடுக்க வேண்டும்!

உள்ளே போனவர்கள் என்ன செய்கிறார்கள்? அறிக்கை விடுகிறார்கள். ஆழ்ந்த வருத்தம், மிகுந்த கவலை, கல்விச் சுதந்திரத்தில் அசைக்க முடியாத பற்று. பிறகு தேநீர் இடைவேளை. 2018இல் டெல்லியில் இதுதான் நடந்தது, 2017இல் பால்டிமோரில் இதுதான் நடந்தது. ‘எங்கள் சகா வர முடியாத ஊரில் நாங்கள் கூட மாட்டோம்’ என்று ஐயாயிரம் பேர் ஒரு வருடம், ஒரே ஒரு வருடம், விமான டிக்கெட்டைக் கிழித்துப் போட்டிருந்தால் ஹோட்டல்காரர்களே செனட்டருக்குப் போன் போட்டிருப்பார்கள். செய்ய மாட்டார்கள். பயோடேட்டாவில் அந்த வருடம் காலியாகிவிடும். பொருளாதாரத் தடை எப்படி வேலை செய்கிறது என்று புத்தகம் புத்தகமாக எழுதுகிறவர்களுக்கு, தங்கள் கையிலும் ஒரு தடை இருக்கிறது என்பது மட்டும் தோன்றுவதில்லை.

அறிஞரும் அமைச்சரும் ஆயுத வியாபாரியும் ஒரே லிஃப்டில் ஏறும் நட்சத்திர விடுதி மாநாடுகளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. மியூனிக்கில் 1963 முதல், சிங்கப்பூர் ஷாங்ரி-லாவில் 2002 முதல், டெல்லி தாஜ் பேலஸில் ரெய்சினா உரையாடல் என்ற பெயரில் வெளியுறவு அமைச்சகத்தின் கூட்டில் 2016 முதல். ஷாங்ரி-லாவின் ஆதரவாளர் பட்டியலில் போயிங்கும் லாக்ஹீட் மார்ட்டினும் இருந்ததுண்டு. அமைதியைப் பேச ஏவுகணைக்காரர் காசு. உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பது நம் பண்பாடு மட்டும்தான் என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்வது தவறு.

பெரிய இடத்து விவகாரம் என்று நாமும் ஒதுங்க முடியாது. நம் கல்லூரிகளில் மாதம் தவறாமல் பன்னாட்டுக் கருத்தரங்கம் நடக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி, வெளிநாட்டில் கட்டுரை வாசித்தால் ஏழு புள்ளி, உள்நாட்டிலேயே நடக்கும் சர்வதேசக் கருத்தரங்கில் வாசித்தால் ஐந்து, தேசிய அளவு என்றால் மூன்று. ஃபிளெக்ஸில் ‘தேசிய’ என்பதை அழித்துப் ‘பன்னாட்டு’ என்று போட்டால் இரண்டு புள்ளி லாபம். அதற்கு ஒரு வெளிநாட்டவர் வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ ஒரு விரிவுரையாளர் ஜூமில் பத்து நிமிடம் தலைகாட்டினால் பன்னாடும் முடிந்தது.

ராமநாதபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் அப்படி ஒன்றுக்குப் போயிருந்தேன். இந்தியப் பெருங்கடல் பகுதியில் அமைதியும் ஒத்துழைப்பும் என்பது தலைப்பு. குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, பொன்னாடை, நினைவுப் பரிசு, தாளாளருக்கு மறுபடி பொன்னாடை என்று தொடக்க விழா முடிய மதியம் ஆகிவிட்டது. மிச்ச நேரத்தில் மூன்று அறைகளில் நாற்பது கட்டுரை, ஆளுக்கு ஐந்து நிமிடம். சீனாவின் முத்துமாலை என்றார்கள், அதிகாரச் சமநிலை என்றார்கள். மன்னார் வளைகுடாவை ஒருவரும் தொடவில்லை. மதியச் சாப்பாட்டில் வஞ்சிரம் வறுவல் இருந்தது. கடலின் பங்களிப்பு அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

ஓர் இளம் ஆசிரியர் மட்டும் துணிந்து ஒரு விசைப்படகுக்காரரை அழைத்து வந்து கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தார். இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டுபோன அவருடைய படகு, யாழ்ப்பாணத்து மயிலிட்டித் துறையில் துருப்பிடித்துக் கிடக்கிறது. விவாத நேரத்தில் அவர் எழுந்தார். “எங்க இழுவைமடி அந்தப் பக்கத்து மீனவங்க வலைய அறுக்குதுங்கறது நெசம் சார். மறைக்கல. 2010ல அவுக இங்க வந்தாக, உக்காந்து பேசுனோம். ஒரு வருசத்துல மடிய நிப்பாட்டுறோம்னு ஒத்துக்கிட்டோம். நிப்பாட்டல. படகு வாங்குன கடன் யாரு அடைக்கறது? 2014ல மெட்ராஸ்ல பேச்சு, கொழும்புல பேச்சு. இதுக்கு ஒங்க படிப்புல என்ன...”

அமர்வுத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “அருமையான கருத்து. நேரமின்மை காரணமாக, இதை ஒரு கட்டுரையாக எழுதி அனுப்பினால் ஐஎஸ்பிஎன் எண்ணோடு வரும் தொகுப்பில் பரிசீலிக்கலாம்” என்றார். பதிவுக் கட்டணம் எவ்வளவு என்பதையும் சொன்னார்.

நன்றியுரையில் மைக் செட்காரர் வரை நன்றி சொன்னார்கள். பிறகு சான்றிதழ். வந்தவர்கள் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்பது விதி போலிருக்கிறது, அவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். முன்கூட்டியே அச்சடித்த அட்டை. அவர் பெயருக்குக் கீழே ‘உதவிப் பேராசிரியர்’ என்று இருந்தது. படிக்கட்டில் என்னிடம் அதைத் திருப்பித் திருப்பிக் காட்டிக் கேட்டார்.

“இதக் காட்டுனா அந்தப் பக்கத்து நேவிக்காரன் விட்ருவானா சார்?”